பெர்முடா என்கிற அறுகு

கலிபோர்னியாவின் சான் டியேகோ புறநகரிலுள்ள எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் முன்புறப் புல்தரையை அகற்றும் வேலைக்குப் பெயர் கொடுத்திருந்ததால், அக்டோபர் மாதச் சனிக்கிழமை ஒன்றில் களைக்கொத்தும் வாளியுமாகப் போய் நின்றேன். எங்கள் குழுவுக்குப் பொறுப்பாயிருந்த மெக்சிகோக்காரப் பெரியவர், பெர்முடாப் புல்லை மட்டும் லேசாக எண்ணிவிடாதே, ஒரு கணு மண்ணில் கிடந்தாலும் திரும்ப வந்துவிடும் என்று எச்சரித்து, வேரோடு பிடுங்கிய கொத்து ஒன்றை என் கையில் கொடுத்தார். பார்த்தால், அறுகம்புல்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒட்ட வெட்டிப் பச்சைக் கம்பளம் போல் வைத்திருந்ததால் ஆறு ஆண்டுகளாக அதை அடையாளம் தெரியாமலே சுற்றி நடந்திருக்கிறேன். உவரிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுத் துவைகல்லைச் சுற்றிக் கேட்பாரற்றுக் கிடந்த புல் இதுதான். பிள்ளையார் சதுர்த்தியன்று அடுத்த தெருப் பிள்ளைகள் வந்து பறித்துக்கொண்டு போவார்கள். மற்ற நாட்களில் ஆடு மேயும்.

இந்த நாட்டில் எல்லாம் பழகிவிட்டது என்றுதான் ஊரில் கேட்பவர்களிடம் சொல்லிவருகிறேன். செருப்புக் காலோடு கோயிலுக்குள் போவது பழகிவிட்டது. ஐம்பது நிமிடத்தில் பூசை முடிந்து, அடுத்த பத்து நிமிடத்தில் கார்கள் எல்லாம் கிளம்பிவிடுவதும் பழகிவிட்டது. தண்ணீர் மட்டும் பழகவில்லை. காலைப் பூசைக்குப் போகும்போது தெளிப்பான்கள் சீறிக்கொண்டிருக்கும். பாதி புல்லுக்கும் பாதி சிமெண்ட் நடைபாதைக்குமாகப் பொழிந்து, மிச்சம் தெருவோரச் சாக்கடையில் இறங்கும். ஒரு ஜனவரி ஞாயிறன்று மழை கொட்டிக்கொண்டிருக்க, அதற்குப் போட்டியாக அவையும் பொழிந்துகொண்டிருந்ததைக் குடைக்குள் நின்று பார்த்தேன். அடிகுழாயில் நான்கு குடத்துக்காக அம்மா வரிசையில் நின்றதும், குளித்த தண்ணீரை முருங்கைக்குத் திருப்பிவிட்டதும் நினைவுக்கு வந்தால் அன்றைய பிரசங்கம் காதில் ஏறுவதில்லை.

இத்தனைக்கும், வறண்ட பூமி என்று எல்லோரும் சொல்லும் எங்கள் தூத்துக்குடிச் சீமையில் ஆண்டுக்கு 600 மில்லிமீட்டருக்கு மேல் மழை உண்டு. சான் டியேகோவில் சுமார் 250 மில்லிமீட்டர்தான். இங்குள்ள பச்சைக்குப் பெரும்பகுதித் தண்ணீர் வெளியிலிருந்துதான் வருகிறது. அதில் கொலராடோ ஆற்று நீர், 390 கிலோமீட்டர் நீளக் கால்வாயில் பாலைவனத்தைக் கடந்து வந்து சேர்கிறது. அவ்வளவு தூரம் வந்த தண்ணீரைத்தான் அறுகுக்கு ஊற்றிக்கொண்டிருந்தோம். படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பியபோது, "ஏல, அறுகுக்கு எவனாவது தண்ணி ஊத்துவானா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

திருத்தந்தை பிரான்சிஸ், இயற்கையைப் பேணுவது பற்றிய 'லவுதாத்தோ சி' திருமடலை வெளியிட்டது 2015-இல். தூய குடிநீர் ஒவ்வொரு மனிதரின் அடிப்படை உரிமை என்று அதில் எழுதியிருக்கிறார். அதே ஆண்டு வறட்சியின் உச்சத்தில் கலிபோர்னியா ஆளுநர், நகரங்களின் நீர்ப் பயன்பாட்டை 25 விழுக்காடு குறைக்க ஆணையிட்டார். எங்கள் பங்குப் பேரவை இரண்டுக்கும் அசையவில்லை. பயன்பாடற்ற புல்லுக்குக் குடிநீர் பாய்ச்சுவதைத் தடுக்கும் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டு, அது 2028 முதல் கோயில்களையும் கட்டுப்படுத்தும் என்று தெரிந்த பிறகுதான் கூட்டம் கூடியது. மக்கள் கூடும் இடத்திலும் விளையாடும் இடத்திலும் இருக்கும் புல்லுக்கு விலக்கு உண்டாம்; வெறும் அழகுக்கு நிற்கும் புல்லுக்குத்தான் தடை. எங்கள் புல்லில் ஒருவரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஊர்க் கோயிலில் திருவிழாப் பூசைக்கு முற்றத்து மணலில்தான் சனம் உட்காரும். நற்கருணை ஆராதனை முடிவதற்குள் நாங்கள் மணலில் குழி தோண்டி முழங்கைவரை விட்டிருப்போம்.

வேலை எளிதுதான். பிடுங்கிய தரையை நனைத்து, ஒட்டுநாடா உரித்த அட்டைப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும்படி விரித்து, அதன்மேல் நான்கு விரற்கடைக்கு மரச்சீவல் பரப்பினோம். பிறகு, அட்டையைக் கீறி இந்த மண்ணுக்கே உரிய சேஜ் செடி வகைகளையும் நீலப்பூப் பூக்கும் சியனோதஸையும் குளிர்கால மழை வேர்பிடிக்க வைக்கும் என்ற கணக்கில் நட்டு, சொட்டுநீர்க் குழாய் ஓட்டினோம். நடைபாதை ஓரம் கொட்டிய பொடிக்கல் மீது செருப்பைக் கழற்றி ஒருமுறை நின்று பார்த்தேன். எங்கள் மணலைப்போல் இல்லை, குத்தியது.

மார்ச் மாதம் களையெடுக்கப் போனபோது, அட்டைக்கு அடியில் ஒரு முழ நீளத்துக்கு வெளிறி ஓடியிருந்த கொடி ஒன்று அகப்பட்டது. எங்கள் கல்யாணத்தில் தாத்தா, ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடி வாழ வேண்டும் என்று நெற்றியில் சிலுவை போட்டு வாழ்த்தியது அப்போது நினைவுக்கு வந்தது. இழுத்தேன், முக்கால்வாசி கையோடு வந்தது, அறுந்த கணு உள்ளேயே நின்றுவிட்டது. பெரியவர் தூரத்திலிருந்து, முழுதாக வந்ததா என்று கேட்டார். வந்தது என்று சொல்லி வாளியில் போட்டேன்.