எஸ்3 பாடத்தை அழிப்பதில் இருந்து தொடங்குங்கள்

அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ் நடத்தும் சொலூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் பரீட்சைக்கு திருகோணமலையில் இருந்தபடி படிக்கிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, அதில் கோப்புகளைச் சேமிக்கும் சேவையான எஸ்3 பாடத்தை எங்கிருந்து தொடங்குவது என்றுதான். அழிப்பதில் இருந்து தொடங்குங்கள் என்பேன். கோப்பை ஏற்றுவது எப்படி என்று எல்லா வீடியோவிலும் காட்டுகிறார்கள். அழித்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று துருவிக்கொண்டு போனால்தான் வெர்ஷனிங் (பழைய பதிப்புகளையும் வைத்திருப்பது), லைஃப்சைக்கிள் (காலம் வந்ததும் கோப்புகளைத் தானாக இடம்மாற்றும், அழிக்கும் விதிகள்), அனுமதி, கட்டணம் எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வரும். நான் அந்த வழியில்தான் படித்தேன்.

முதலில் ஃபோல்டர் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். எஸ்3இல் பக்கெட் என்ற கொள்கலனுக்குள் கோப்புகள் இருக்கும், அதற்குள் அடைவு என்று ஒன்று கிடையாது. ‘படங்கள்/நிலாவெளி/கடல்’ என்பது முழுக்க ஒரே பெயர். சாய்கோடும் அந்தப் பெயரில் ஒரு எழுத்து, அவ்வளவுதான். ஆகவே உள்ளே இருந்த கடைசிக் கோப்பை அழித்ததும் அடைவும் சேர்ந்து காணாமல் போகும். கன்சோலில் (பிரவுசரில் திறக்கும் ஏடபிள்யூஎஸ் பக்கம்) ‘கிரியேட் ஃபோல்டர்’ அழுத்தி உண்டாக்கியது மட்டும் அப்படியே நிற்கும். அது சாய்கோட்டில் முடிகிற பெயரோடு இருக்கும் பூச்சிய பைட் கோப்பு. இந்த ஒன்று விளங்கினால் மற்றதெல்லாம் லேசு.

இனி கட்டளை, அதாவது சிஎல்ஐ என்ற கருவியில் தட்டி எழுதுவது. ‘எஸ்3 ஆர்எம்’ ஒரு கோப்பை அழிக்கும். ‘ரிகர்சிவ்’ சேர்த்தால் அந்தப் பெயருக்குக் கீழே உள்ள அத்தனையும் போகும். நிச்சயமா என்று உங்களிடம் கேட்காது. குப்பைத்தொட்டியும் கிடையாது. லினக்ஸ் பழகியவர்கள் கவனிக்க வேண்டிய இடம் நட்சத்திரக் குறி. அங்கே அது எந்தப் பெயருக்கும் பொருந்தும், இங்கே பாதையில் அப்படிப் பொருந்தாது. லாக் கோப்புகளை மட்டும் அழிக்க நினைத்து, பாதையில் நட்சத்திரம், புள்ளி, லாக் என்று எழுதினால், ‘நட்சத்திரம் புள்ளி லாக்’ என்றே பெயருள்ள ஒரு கோப்பைத்தான் அது அழிக்கப் போகும். அப்படி ஒன்று இல்லாவிட்டாலும் பிழை காட்டாது, ‘டிலீட்’ என்று ஒரு வரி வரும். இல்லாத கோப்பை அழிக்கச் சொன்னாலும் எஸ்3 சரி என்றே பதில் தரும். அந்த வரியை நம்பிவிட்டு எழும்ப வேண்டாம், பட்டியல் காட்டும் ‘எல்எஸ்’ போட்டுப் பாருங்கள்.

சரியான வழி, ரிகர்சிவ்வோடு ‘எக்ஸ்க்ளூட்’ (விலக்கு), ‘இன்க்ளூட்’ (சேர்) என்ற வடிகட்டிகளை எழுதுவது. ஒன்றுமே சொல்லாவிட்டால் எல்லாக் கோப்பும் கணக்கில் வரும். வடிகட்டிகளில் பின்னால் எழுதியதே செல்லும். ஆகவே முதலில் எல்லாவற்றையும் எக்ஸ்க்ளூட் செய்து, பிறகு லாக் கோப்புகளை இன்க்ளூட் செய்ய வேண்டும். வரிசையை மாற்றினால் ஒன்றுமே அழியாது. இன்க்ளூட் மட்டும் எழுதினால் லாக் மட்டுமல்ல, எல்லாமே போய்விடும். மூன்றையும் ‘டிரைரன்’ சேர்த்து ஓட்டிப் பாருங்கள். என்ன அழியும் என்று வரிவரியாகக் காட்டும், கோப்பைத் தொடாது. ஏடபிள்யூஎஸ் கட்டளையில் அந்தச் சொல் நடுவில் இடைக்கோடு இல்லாமல் வரும்.

சனி, ஞாயிறுகளில் உவர்மலையில் ஒரு வீட்டில் கூடிப் படிப்போம். கம்பஸில் படிக்கிற தங்கச்சி ஒருத்தி ஒருநாள் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டி, “அண்ணா, எல்லாம் அழிச்சாச்சு. எல்எஸ்ல ஒண்டும் இல்ல. பிறகும் பக்கெட் போகுதில்லையே” என்றாள். திரையில் ‘பக்கெட் நாட் எம்ப்டி’ (பக்கெட் காலியில்லை) என்று நின்றது. வெர்ஷனிங் போட்ட பக்கெட் அது. வெர்ஷன் எண் கொடுக்காமல் அழித்தால் எஸ்3 அந்தக் கோப்பை அழிப்பதில்லை, மேலே ‘டிலீட் மார்க்கர்’ ஒன்றை வைத்து மறைக்கிறது. பழைய வெர்ஷன்கள் கீழே அப்படியே இருக்கும், அவற்றுக்கான கட்டணமும் ஓடிக்கொண்டே இருக்கும். பக்கெட்டையே அழிக்கும் ‘ஆர்பி’ கட்டளையில் ‘ஃபோர்ஸ்’ போட்டாலும் இதே இடத்தில்தான் முட்டும்.

அவளை சிஎல்ஐயின் நுணுக்கமான கட்டளைத் தொகுதியான ‘எஸ்3ஏபிஐ’ பக்கம் போய் ‘லிஸ்ட் ஆப்ஜெக்ட் வெர்ஷன்ஸ்’ ஓட்டச் சொன்னேன். மறைந்திருந்த வெர்ஷன்களும் மார்க்கர்களும் எண்களோடு வந்து விழுந்தன. முதலில் ஒரு மார்க்கரை அதன் எண் கொடுத்து அழித்தாள், அழிந்ததாக நினைத்த கோப்பு திரும்பி வந்தது. பிறகு ஒவ்வொரு வெர்ஷனையும் மீதி மார்க்கர்களையும் எண் கொடுத்து அழித்தபோதுதான் பக்கெட் உண்மையில் காலியானது. இந்தப் பயிற்சியை நீங்களும் கையாலேயே செய்து பாருங்கள், வாசித்து மட்டும் இது மனதில் நிற்காது. கோப்புகள் நிறைய இருந்தால் ‘டிலீட் ஆப்ஜெக்ட்ஸ்’ ஒரு தடவையில் 1000 வரை எடுக்கும். அதற்கும் மேலே என்றால் லைஃப்சைக்கிள் விதி எழுதிவிட்டு விடுவதுதான் நல்லது. காலியான பக்கெட்டை அழித்தால் அந்தப் பெயரை உலகத்தில் வேறு யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

எங்கள் பக்கத்துக்கு முக்கியமான இன்னொன்று. இலங்கையில் ஏடபிள்யூஎஸ் ரீஜன் (தரவு மையங்கள் உள்ள பிராந்தியம்) இல்லை, நாங்கள் பெரும்பாலும் மும்பைக்குத்தான் ஏற்றுகிறோம். 8 எம்பிக்கு மேற்பட்ட கோப்பைச் சிஎல்ஐ துண்டு துண்டாக அனுப்பும். நடுவில் கரண்ட் போனால் போய்ச் சேர்ந்த துண்டுகள் அங்கேயே கிடக்கும். எல்எஸ்இல் தெரியாது, பில்லில் மட்டும் தெரியும். ‘லிஸ்ட் மல்டிபார்ட் அப்லோட்ஸ்’ போட்டுப் பிடித்து ‘அபார்ட்’ (ரத்து) செய்ய வேண்டும். லைஃப்சைக்கிளில் இதற்கென்றே ஒரு விதி உண்டு. பரீட்சைக்கும் வேலைக்கும் பயன்படுகிற விதி அது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிலீட் கோரிக்கைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அடிக்கடி எடுக்காத கோப்புகளுக்கான மலிவான சேமிப்பு வகைகளில், ஸ்டாண்டர்ட் ஐஏ 30 நாள், கிளேசியர் ஃப்ளெக்ஸிபிள் 90, டீப் ஆர்க்கைவ் 180 நாளுக்கு முன் அழித்தால் மீதி நாட்களுக்கும் கட்டணம் வரும். அழிக்கும்போது இரண்டாவது அடையாளச் சோதனை கேட்கும் எம்எஃப்ஏ டிலீட்டை ரூட் (உரிமையாளர்) கணக்கில் மட்டும்தான் போடலாம், கன்சோலில் முடியாது. கோப்பை அழிக்க விடாமல் பூட்டும் ஆப்ஜெக்ட் லாக்கின் கம்ப்ளையன்ஸ் முறையில் பூட்டிய வெர்ஷனைக் காலம் முடியும்வரை ரூட்டாலும் அழிக்க முடியாது. அழித்த கோப்பு கொஞ்ச நேரம் தெரியலாம் என்று பழைய பயிற்சி வினாக்களில் இருக்கும். 2020 டிசம்பரில் இருந்து அது மாறிவிட்டது, அந்த வினாத்தொகுப்புகளை ஒதுக்கிவிடுங்கள்.

பரீட்சையில் 65 கேள்விகள், 130 நிமிடம், 1000க்கு 720 எடுத்தால் சித்தி. தவறான விடைக்குப் புள்ளி குறைக்க மாட்டார்கள், ஒன்றையும் வெறுமையாக விடாதீர்கள். ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்கள் ஆங்கிலத்தில் எழுதினால் 30 நிமிடம் கூடுதலாகக் கேட்டுப் பெறலாம். எங்களில் பலருக்கு இது தெரியாது. நீளமான கேள்விகளை இரண்டாம் முறை வாசிக்க அந்த நேரம் தாராளமாக உதவும். ஆனால் பரீட்சைத் திகதியைப் பதிவு செய்யும் முன்பே கேட்டுவிட வேண்டும், பதிவு செய்த பிறகு கேட்டால் அந்தப் பரீட்சைக்குச் சேராது.