32767-ஆம் பதிவு

மார்ச் 3, திங்கள்

சுங்கை சிப்புட்டில் நல்ல மழை. சாயங்காலம், லோரிகளை எடை போடும் எடைப் பாலத்துக் கிராணி (கணக்கர்) அண்ணன் போன் செய்தார். அங்கே எடைகளைப் பதியும் கணினி டேபிள் (பட்டியல்) நான் செய்தது.

"தம்பி, இன்னிக்கு நாப்பது லோரி செம்பனைக் குலை வந்துச்சு. ரிப்போர்ட்டுல பத்துதான் இருக்கு. பத்தாவது லோரியில வேற யாரோட எடையோ நிக்குது."

"எர்ரர் ஏதும் வந்துச்சாண்ணே?"

"ஒண்ணுமில்ல. சீட்டெல்லாம் ஒழுங்காத்தான் வந்துச்சு."

அதுதான் வயிற்றைக் கலக்கியது.

மார்ச் 4, செவ்வாய்

அந்தப் பத்தாவது லோரியின் ஐடி (பதிவு எண்) 32767. பார்த்ததுமே புரிந்துவிட்டது. ஸ்மால்இன்ட் என்கிற சின்ன எண் வகை அதற்கு மேல் எண்ணாது. அந்த வகையைப் போட்டது வேறு யாரும் இல்லை, நான்தான். தோட்டத்து டிவிஷன் பட்டியலை நகலெடுத்து இந்த டேபிளைச் செய்தேன், அந்தச் சின்ன வகையும் கூடவே வந்துவிட்டது.

ஆனால் டேபிளில் இருப்பது பதினாறாயிரத்துச் சொச்சம் பதிவுகள்தான். மீதி எண்கள்? லோரி உள்ளே வரும்போதும், குலையை இறக்கிவிட்டு வெறும் லோரியாகத் திரும்பும்போதும் பதிவு சேர்க்கும் ஒரே இன்சர்ட் கட்டளைதான் ஓடுகிறது. சீட்டு எண் ஏற்கெனவே இருந்தால் 'ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட்' பழைய பதிவைத் திருத்திவிடும். திருத்தினாலும் டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல் ஓர் எண்ணை எடுத்துச் செலவழித்துவிடுகிறது. லோரிக்கு இரண்டு எண்.

சாதாரண இன்சர்ட்டாக இருந்தால், எண் தீர்ந்ததும் அதே கடைசி எண்ணே திரும்ப வர, 'டூப்ளிகேட் என்ட்ரி 32767' என்று கத்தி நின்றிருக்கும். இங்கே அந்த மோதலையே "ஓ, பழைய லோரியா" என்று எடுத்துக்கொண்டு, அடுத்து வந்த முப்பது லோரி எடையையும் அந்த ஒரே பதிவின்மேல் எழுதித் தள்ளியிருக்கிறது.

மார்ச் 5, புதன்

நேற்று ராத்திரி மாற்றினேன். பணப் பட்டுவாடா டேபிளும் இதே ஐடியைப் பிடித்திருந்ததால், முதலில் இரண்டையும் இணைக்கும் ஃபாரின் கீயைக் கழற்றி, இரண்டு பக்கமும் பிக்இன்ட் (மிகப் பெரிய எண் வகை) ஆக்கி, திரும்ப மாட்டினேன். இந்தப் பாலத்துக்கு 2147483647 வரை போகும் இன்ட்டே ஏழு தலைமுறைக்குக் காணும். பயந்தவன் பெரிதாகப் போட்டேன். டேபிள் சின்னது, நொடியில் முடிந்தது. கோடிக்கணக்கில் பதிவு இருந்தால் டேபிள் முழுவதையும் நகலெடுத்து முடிக்கும்வரை எழுத விடாது.

காலையில் அண்ணனின் கார்பன் சீட்டுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஊதா மை மழையில் ஊறி, 3-உம் 8-உம் ஒன்றுபோல. அவர் வாசிக்க நான் தட்டினேன். சந்தேகம் வந்த இரண்டு சீட்டுக்கு லோரிக்காரர்களையே கூப்பிட்டுக் கேட்டோம்.

மார்ச் 7, வெள்ளி

மற்ற டேபிள்களின் எண்ணையும், டேபிள் விவரங்கள் இருக்கும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் பார்த்தேன். மைஎஸ்க்யூஎல் எட்டாம் பதிப்பில் அது ஒரு நாள் பழைய கணக்கையும் காட்டும், அதனால் இருப்பதில் பெரிய எண்ணைத் தரும் மேக்ஸ் போட்டும் பார்த்தேன்.

பெரட்டு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் கூட்டம்) வருகைப் பதிவு 31,900-ஐத் தாண்டி நிற்கிறது. அதுவும் ஸ்மால்இன்ட்.