நீபோர்டு கட்டிப் பழகிய கதை

பைலட் பயிற்சிக்குச் சேருகிறவர்கள் ஹெட்செட் வாங்குவதற்கு நாள் கணக்கில் யோசிப்பார்கள், ஆனால் நீபோர்டு, அதாவது பறக்கும்போது தாள் வைத்துக் குறிப்பு எழுதும் பலகை என்றால், தொடையில் கட்டிக்கொண்டால் முடிந்தது என்று விட்டுவிடுவார்கள். சின்ன விமானத்தில் அதற்கும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. எனக்கு அது பிடிபட்ட விதத்தை எழுதுகிறேன்.

ஆரம்பித்தது செஸ்னா 152-இல். இரண்டு பேர் உட்கார்ந்தாலே தோளோடு தோள் உரசும். என் இன்ஸ்ட்ரக்டர் A4 தாள் பிடிக்கிற பெரிய பலகையை என் வலது தொடையில் கட்டச் சொல்லிவிட்டு, "யோக்கை முழுசா இழுங்க, அப்படியே வலது பக்கம் கடைசி வரைக்கும் திருப்புங்க" என்றார். யோக் என்பது கார் ஸ்டீயரிங் போல விமானியின் முன்னால் இருக்கும் கட்டுப்பாட்டுப் பிடி. அதன் வலது கொம்பு கீழே இறங்கி, பலகையின் கிளிப்பில் டக்கென்று இடித்து நின்றது. இன்னும் கொஞ்சம் திரும்பியிருக்க வேண்டிய யோக் அது. வலதுபக்கம் இருந்து குறுக்குக் காற்று அடிக்கும்போது இறங்கினால், யோக்கைப் பின்னால் இழுத்தபடி காற்றின் பக்கமே ஏலெரானைக் கொடுக்க, அதாவது விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைத் தட்டுகள் அசைய யோக்கை அந்தப் பக்கம் திருப்ப வேண்டிவரும். கை கேட்கும் நேரத்தில் யோக் திரும்பாமல் நின்றால் என்ன ஆகும் என்று அவர் விளக்கவே தேவைப்படவில்லை.

அப்புறம் A5 அளவுப் பலகைக்கு மாறினேன், கிளிப் உயரமில்லாததாகப் பார்த்து. முக்கியமாக, வரிசையை மாற்றவே மாட்டேன்: முதலில் சீட்டை நகர்த்திப் பூட்டுவது, பிறகு பெல்ட், அதற்குப் பிறகு நீபோர்டு, கடைசியாகத்தான் கண்ட்ரோல் செக், அதாவது யோக் எல்லாப் பக்கமும் தடையில்லாமல் கடைசி வரை போகிறதா என்று பார்ப்பது. சீட் ஒரு பல் முன்னே போனாலும் தொடையின் உயரமும் யோக்கின் இடைவெளியும் மாறிவிடும், அதனால் பலகை கட்டாமல் செய்த செக்கை நான் செக்காகவே எடுத்துக்கொள்வதில்லை. நீபோர்டின் பட்டை, பெல்ட் பக்கிளுக்கு மேலே ஓடக்கூடாது. அவசரமாக வெளியேற வேண்டியிருந்தால் கை நேராகப் பக்கிளுக்குப் போக வேண்டும்.

யோக்குக்குப் பதிலாக ஸ்டிக், அதாவது நிமிர்ந்து நிற்கும் கட்டுப்பாட்டுக் கம்பி, இருக்கிற விமானம் வேறு விஷயம். டயமண்ட் டிஏ40-இல் ஸ்டிக் இரண்டு கால்களுக்கும் நடுவே நிற்கிறது, பக்கவாட்டில் சாயும்போது தொடையை நோக்கித்தான் வரும். அங்கே பலகையின் அகலம்தான் எல்லாம். இருபுறமும் விரிகிற மடிப்புப் பலகை அங்கே வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து.

டேப்லெட்டை நீபோர்டில் வைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். அதன் உறையில் காந்தம் இருந்தால் காந்தத் திசைகாட்டி பிசகும். எஞ்சினை நிறுத்திவைத்து, பலகையைத் திசைகாட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள், திசைகாட்டிக்குள் திசை குறித்திருக்கும் அட்டை நகர்வது கண்ணுக்கே தெரியும். இரண்டாவது சூடு. ஐபேடை 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில்தான் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள், கண்ணாடிக் கூரையின் கீழ் வெயிலில் அது எளிதாகத் தாண்டிவிடும். திரை அணைந்தாலும் கையில் இருக்கட்டும் என்று அலைவரிசைகளையும் ஓடுபாதை விவரத்தையும் தாளில் எழுதியே வைக்கிறேன்.

தலையைக் குனிவது பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. விமானம் திரும்பிக்கொண்டிருக்கும்போது சட்டென்று குனிந்து தொடையைப் பார்த்தால், உட்காதின் அரைவட்டக் குழாய்களில் திரவம் வேறு திசையில் அசைந்து, விமானமே புரள்வதுபோல் தோன்றும். மேகத்துக்குள் அது மிக ஆபத்தானது. பலகையை முழங்கால் பக்கமாக, யோக்குக்கு இடம் விட்டு, எவ்வளவு முன்னே தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளிக் கட்டுகிறேன், கண்ணை மட்டும் தாழ்த்தினால் போதும். எழுதுவதெல்லாம் நேராகப் பறக்கும்போதுதான்.

பேனாவைக் குட்டைக் கயிற்றில் கட்டியிருக்கிறேன், காலடியில் இருக்கும் ரட்டர் (வால் சுக்கான்) பெடலை எட்டாத நீளத்தில். இரவில் சிவப்பு விளக்கில் படிப்பதாக இருந்தால் சிவப்பு மையில் எதுவும் எழுதாதீர்கள், எழுத்தே மறைந்துவிடும்.