2,000 இருக்கும்போது 1,500 வாங்கிக்கொண்டிருந்தோம்

தம்பிக்கு 26 வயது, அறிவுசார் குறைபாடு. யாரோ சொல்லி இ-சேவை மையத்தில் மனு போட்டதில் வருவாய்த்துறை வழியாக மாதம் 1,500 ரூபாய் மாற்றுத்திறனாளி பென்ஷன் வர ஆரம்பித்தது. இதுவே பெரிது என்று அம்மா இருந்துவிட்டார், நானும்தான்.

அப்புறம் சிறப்புப் பள்ளி வாசலில் இன்னொரு பையனின் அம்மா பேச்சுவாக்கில் சொன்னார்: மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தனியாகப் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது, மாதம் 2,000, அறிவுசார் குறைபாட்டுக்கு 40 சதவீதம் இருந்தாலே போதும். இத்தனை நாள் ஒரு அலுவலகத்திலும் இதை எங்களிடம் சொல்லவில்லை. ரெண்டையும் சேர்த்து வாங்க முடியாது, ஒன்றை நிறுத்தினால்தான் மற்றது.

நிறுத்துவதுதான் பெரும்பாடு. மூன்று நடை நடந்தேன். "வர்ற காசை ஏம்மா நிறுத்தச் சொல்ற?" என்று கேட்டவருக்கு நானே விதியை விளக்க வேண்டியிருந்தது. நடுவில் நாலு மாதம் இதுவும் இல்லை அதுவும் இல்லை, அதற்குக் கையில் கொஞ்சம் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

யு.டி.ஐ.டி. கார்டும் (நாடு முழுக்கச் செல்லும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) கேட்டார்கள். எங்களிடம் இருந்தது பழைய அடையாள அட்டைப் புத்தகம், அதனால் மறுபடியும் அரசு மருத்துவமனையில் மதிப்பீடு. வட்டம், சதுரம், நட்சத்திரம் என்று மரத்துண்டுகளை அதனதன் குழியில் பொருத்தச் சொன்னார்கள். தம்பி அன்றைக்கென்று மளமளவென்று பொருத்துகிறான்! வீட்டில் சட்டை பட்டன் போட அரைமணி நேரம் ஆகும். சந்தோஷப்படுவதா, சதவீதம் குறைந்துவிடும் என்று பயப்படுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன், சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அப்புறம் எங்களிடம் கேள்வி: தனியாகக் கடைக்குப் போவாரா, மீதிச் சில்லறை எண்ணி வாங்குவாரா, தானே குளிப்பாரா. இதற்கெல்லாம் அம்மா எப்போதும் பையனை விட்டுக்கொடுக்காமல் "செய்வான் சார்" என்பார், கூட யாராவது போய் உள்ளதைச் சொல்லுங்கள். 75 சதவீதம் வந்தது.

இப்போது 2,000 வருகிறது. கார்டு வந்தபிறகுதான் மற்றதெல்லாம் தெரிந்தது. ரயிலில் அவனுக்கும் கூடப் போகிறவருக்கும் ஸ்லீப்பரில் 75 சதவீதச் சலுகை, அதற்கு ரயில்வேயிடம் தனியாக அட்டை வாங்க வேண்டும். மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீடு ஒரு லட்சம் வரைக்கும், அதில் தெரபி செலவும் வரும். அதற்குத்தான் அடுத்து ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.