பின்னால் வரும் வண்டிக்கும் பிரேக் வேண்டும்

அம்பாசமுத்திரத்தில் அறுவடை நாள்களில் நெல் மூட்டை ஏற்றிய எங்கள் டிராக்டர் கால்வாய்ப் பாலத்துச் சரிவில் இறங்கும்போது, பின்னால் வரும் டிரெய்லர் தன் பாரத்தால் முன்வண்டியை உந்தித் தள்ளுவதையும், இணைப்புக் கொக்கி ‘கடக்’கென்று முட்டுவதையும் இருக்கையிலிருந்தே உணரலாம்.

அதனால்தான், இங்கிலாந்தில் இருக்கும் என் அத்தை மகன் தன் மோட்டார்ஹோமுக்கு (தங்கும் வசதியுள்ள வண்டி) பின்னால் சிறிய காரை இழுத்துச் செல்லப்போவதாகச் சொன்னதும், முதலில் பிரேக்கைப் பற்றியே கேட்டேன். அந்நாட்டுச் சட்டத்தின்படி, மொத்த எடை 750 கிலோவைத் தாண்டும் டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். நான்கு சக்கரங்களும் தரையில் உருள, முக்கோணச் சட்டகத்தால் இழுக்கப்படும் காரும் அங்கே டிரெய்லராகவே கருதப்படுகிறது. இன்றைய சிறிய கார்கள் பெரும்பாலும் அந்த எடையைத் தாண்டிவிடுவதால், தப்பிக்க வழியில்லை; அது சரியென்றே நான் கருதுகிறேன்.

3,500 கிலோ வரை, டிரெய்லர் முன்னோக்கித் தள்ளும் விசையையே கொண்டு அதன் பிரேக்கை அழுத்தும் அமைப்பு போதும். எங்கள் கொக்கியில் வீணாக முட்டும் அதே விசை, அங்கே வண்டியை நிறுத்த உதவுகிறது! இணைப்பு கழன்றால், ஒரு மெல்லிய கம்பிவடம் இழுபட்டு, டிரெய்லரின் பிரேக்கைத் தானே போட்டுவிடும்.

இழுக்கப்படும் காரின் இன்ஜின் ஓடாததால், பிரேக் மிதியை எளிதாக அழுத்த வைக்கும் வெற்றிட உதவி கிடைக்காது. மிதி கல்லாக இறுகிவிடும். ஆகவே அதற்கு ஈடுகட்டும் அமைப்பைப் பொருத்தி, காலியான இடத்தில் நிறுத்திப் பார்த்த பிறகே சாலையில் ஏறும்படி அவனிடம் வற்புறுத்தியிருக்கிறேன்.