சோளக்காட்டோரம் ஒரு வெண்திரை

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலிருந்து முந்தாநாள்தான் திரும்பினேன்; வாடகைக் கார் விஷயத்தில் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. மூன்று நாளுக்கு 160 டாலர் என்று முன்பதிவில் காட்டிய நிறுவனம், ஸ்பிரிங்ஃபீல்டில் சாவியைக் கையில் கொடுக்கும்போது காப்பீடு, விமான நிலையக் கட்டணம், இன்னும் ஏதேதோ சேர்த்து 251 டாலர் வாங்கிக்கொண்டது. அந்த 91 டாலரில் ஓர் இரவு விடுதியும் இரண்டு வேளைச் சாப்பாடும் முடிந்திருக்கும். காருக்கு முன்பதிவு செய்பவர்கள் மொத்தத் தொகையை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய ரூட் 66 சாலையில் மேற்கே போகும்போது, ஒரு சிற்றூரைத் தாண்டியதும், சோளக்காட்டின் ஓரத்தில் தகரம் உரிந்து எலும்புக்கூடாக ஒரு டிரைவ்-இன் அரங்கின் உயரமான திரை நின்றது; காருக்குள் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளி அரங்கு அது. பக்கத்து வீட்டில் அனுமதி கேட்டுக்கொண்டு உள்ளே நடந்தேன். இடுப்பளவு புல்லுக்கடியில் தரை சீரான இடைவெளியில் மேடும் பள்ளமுமாக இருப்பதைக் கால்கள்தான் முதலில் கண்டுகொண்டன. காரின் முன்சக்கரங்கள் மேட்டில் ஏறி நின்றால், உள்ளே இருப்பவருக்கு முன்வரிசைக் காரின் கூரை திரையை மறைக்காது. ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் என்பவர் தம் வீட்டு முற்றத்தில் மரங்களுக்கிடையே துணியைக் கட்டி, சக்கரங்களுக்கு அடியில் கட்டைகளை வைத்துப் பார்த்தே இந்தச் சாய்வைக் கண்டுபிடித்தார். 1933 ஜூன் 6 அன்று நியூஜெர்சியின் கேம்டன் அருகே முதல் டிரைவ்-இன் அரங்கைத் திறந்தார். எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட் எடுத்துவிட்டு, முன்னால் இருப்பவர் தலை மறைக்கிறதென்று மணலைக் குவித்து அதன்மேல் ஏறி உட்கார்ந்தவன் நான். அந்தப் புல்மேட்டில் நின்றபோது ஹாலிங்ஸ்ஹெட் எனக்கு வெகு நெருக்கமானவராகத் தோன்றினார்.

வரிசைதோறும் ஒலிபெருக்கி மாட்டிய இரும்புக் கம்பங்கள் துருப்பிடித்துச் சாய்ந்து கிடந்தன. அவற்றின் கதையை ஊருக்குள் ஓர் உணவகத்தில் பரிமாறிய மூதாட்டியிடம் கேட்டேன். (அங்கே சாப்பிட்ட ஆப்பிள் பை இந்தப் பயணத்திலேயே ஆகச் சிறந்த உணவு, மேலோடு நொறுங்க, உள்ளே பட்டை வாசனையோடு சூடாக இருந்தது.) ஒலிபெருக்கியைக் கார்க் கண்ணாடியில் மாட்டிவிட்டுப் படம் முடிந்ததும் எடுக்க மறந்து, கம்பியோடு பிய்த்துக்கொண்டு போனவர்கள் எத்தனையோ பேர் என்றார். படுக்கை உடையில் வந்த பிள்ளைகள் திரைக்குக் கீழே இருட்டும்வரை ஊஞ்சலாடியதையும், டிக்கெட் காசை மிச்சப்படுத்த அண்ணன், காரின் டிக்கியில் ஒளிந்து வந்ததையும் அவர் சொன்னபோது, எதிரே நின்றவர் சிறுமியாகவே தெரிந்தார்.

"கோடையில் பொழுது சாய மறுத்தது, அதுதான் எங்களைக் கெடுத்தது" என்றார். 1966-இல் வந்த சட்டம் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தும் வழக்கத்தை நாடெங்கும் பரப்பியதால், இருட்டிப் படம் தொடங்கவே ஒன்பது மணியானது. மறுநாள் வேலைக்குப் போகிறவர்கள் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். வண்ணத் தொலைக்காட்சியும் வீடியோ கேசட்டும் வந்தன, நிலத்தின் விலையும் ஏறியது. 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் 4,000-க்கும் மேல் இருந்த இந்த அரங்குகளில் இன்று ஏறத்தாழ 300-தான் எஞ்சியுள்ளன. அவ்வளவு பெரிய இடத்தை இப்படிப் புல்லுக்கு விட்டது எனக்குத் தாங்கவில்லை.

அன்று மாலையே மிசூரியின் கார்த்தேஜ் ஊரிலுள்ள '66 டிரைவ்-இன்' அரங்குக்குப் போனேன். 1949-இல் திறந்து, 1985-இல் மூடி, பழைய கார்களைப் போட்டுவைக்கும் இடமாகிப்போய், 1998-இல் மறுபடி உயிர்பெற்ற அரங்கு இது. நான் போனபோது கோடைகால வார இறுதிகளில்தான் படம் போட்டார்கள். விசாரித்துவிட்டுப் போங்கள். இப்போது ஒலி காரின் பண்பலை வானொலியிலேயே வருகிறது. வாடகைக் காரின் பேட்டரி தீர்ந்தால் அதற்கும் தனிக் கட்டணம் போடுவார்களோ என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். படம் தொடங்கியபோதும் மேற்கே வெளிச்சம் மிச்சமிருந்தது. முதல் பத்து நிமிடம் முகங்கள் வெளிறித்தான் தெரிந்தன. திரைக்கடியில் படுக்கை உடையில் ஓடிக்கொண்டிருந்த குழந்தைகளோ அதைச் சட்டை செய்யவே இல்லை.