பல் கடிப்புக்குப் பூச்சி மருந்து தின்ற கதை

போன கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வந்த முந்திரிக்கொத்தைக் கடித்ததும் வலது பக்கக் கடைவாய்ப்பல் இரண்டாகப் பிளந்தது. கல்லு மாதிரி செய்து வைத்திருக்கிறாள் என்று அந்த அக்காவைத்தான் முதலில் திட்டினேன், பாவம். தக்கலையில் பல் டாக்டர் பார்த்துவிட்டு, இது இன்றைக்கு உடைந்த பல் இல்லை, எல்லாப் பல்லுமே தேய்ந்து தட்டையாகிக் கிடக்கிறது, ராத்திரி பல்லைக் கடிப்பீங்களா என்று கேட்டார்.

கடிப்பேன். வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அம்மியில் தேங்காய் அரைக்கிற சத்தம் கேட்கும் என்பார்கள். மாமியார் "வயித்துல பூச்சி கெடக்கும் மக்களே, மருந்து வாங்கித் தின்னு" என்பார், நானும் இரண்டு தடவை தின்றேன். குறட்டையும் உண்டு. ஆனால் ஆம்பிளை குறட்டை விட்டால் அசந்த உறக்கம், பொம்பிளை விட்டால் கேலி. அதனால் எந்த டாக்டரிடமும் அதைச் சொன்னதில்லை.

எனக்கு 49 வயது, பள்ளிக்கூட ஆபீஸில் வேலை. எழும்பும்போதே நெற்றிப்பொட்டு இரண்டும் வலிக்கும், வாய் வறண்டு கிடக்கும், ராத்திரி மூன்று தடவை பாத்ரூம், பகலில் சம்பளப் பட்டியல் போடும்போதே கண் சொருகும். தைராய்டு, ரத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்தாச்சு, ஒன்றிலும் குறை இல்லை. மாதவிடாய் நின்றால் இப்படித்தான் என்று ஒரு டாக்டர் சத்து மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார். எனக்கு இருந்தது உறக்கத்தில் மூச்சடைப்பு, அதாவது உறங்கும்போது மூச்சு விட்டு விட்டு நிற்பது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு அது வருவது அதிகமாகும் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு பல்லாவது மிஞ்சியிருக்கும்.

பல் டாக்டர் அளவெடுத்து நைட் கார்டு, அதாவது பல் தேயாமல் இருக்க ஒரு உறை, செய்து தந்தார். மேல் பல்லில் மாட்டிக்கொண்டு உறங்கணும். நாலே மாசத்தில் அதில் பள்ளம் விழுந்துவிட்டது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் நாக்கை நீட்டச் சொன்னார். ஓரமெல்லாம் பல் தடம். "குறட்டை உண்டா?" என்றார். நான் பேசாமல் இருந்தேன். கூட வந்த மகள் போனை எடுத்து நீட்டினாள். எனக்குத் தெரியாமல் பதிந்து வைத்திருக்கிறாள். குறட்டை ஏறி ஏறிப் போய் சட்டென்று நின்றது. அப்புறம் ஒன்றுமே இல்லை, ஃபேன் சத்தம் மட்டும். நான் மனசுக்குள் எண்ணினேன். இருபத்திரண்டு வந்தபோது ஒரு பெரிய இழுப்பு, அதை ஒட்டியே நறநற என்று பல் கடிக்கிற சத்தம்.

அங்கேயிருந்து நாகர்கோவிலில் நெஞ்சு டாக்டர். ஒரு சின்னப் பெட்டி தந்துவிட்டார்கள். நெஞ்சில் பெல்ட், மூக்கில் குழாய், விரலில் கிளிப், வீட்டிலேயே ஒரு ராத்திரி அப்படிப் படுக்கணும். மூச்சு பத்து விநாடிக்கு மேல் நிற்பதையும் நன்றாய்க் குறைவதையும் சேர்த்து மணிக்கு எத்தனை என்று எண்ணுவார்கள். ஐந்துக்குள் இருந்தால் பயமில்லை, முப்பது தாண்டினால் கடுமை. எனக்கு 34. மூச்சு அடைக்கும்போது மூளை உசுப்பிவிடுகிறது, சிலருக்கு அந்த நேரத்தில் தாடையும் இறுகும் என்றார். மேல் பல்லுக்கு மட்டும் போடுகிற கார்டு சிலருக்கு மூச்சடைப்பைக் கூட்டலாம் என்பதையும் அவர்தான் சொன்னார்.

அப்புறம் சிபாப் மெஷின். மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டை அடைபடாமல் வைக்கிறது. முதல் மாசம் வாடகை. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிவிட்டு அலமாரியில் வைக்கிறவர்கள் நிறையப் பேர், அதனால் யார் கேட்டாலும் வாடகைக்கு எடு என்றுதான் சொல்வேன். முதல் ஒரு வாரம் நடுராத்திரி எப்போது கழற்றி எறிந்தேன் என்றே தெரியாது. மாஸ்க் ஓரத்தில் புஸ் புஸ் என்று காற்று கண்ணில் அடிக்கும். கடைக்காரர் சைஸ் சரிதான் என்று சாதித்தார். கடைசியில் பார்த்தால் சைஸும் பெரிசு, போதாததற்கு நான் தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெயும் காரணம். நெற்றியில் இறங்கி மாஸ்க்கின் சிலிக்கோன் ஓரம் வழுக்குகிறது. இப்போது எண்ணெய் காலையில்தான், படுக்கும் முன் சோப்புப் போட்டு முகம் கழுவுகிறேன், மாஸ்க்கையும் தினம் கழுவுகிறேன். ஜூன் மழையில் இன்னொரு கூத்து. அறை குளிர்ந்து குழாய்க்குள் தண்ணீர் கோத்து மூக்கில் சொட்டியது. காற்றை ஈரமாக்குகிற ஹியூமிடிஃபையரைக் குறைத்து, குழாயைப் போர்வைக்குள் விட்டதும் நின்றது. கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓட்டலாம், ஹியூமிடிஃபையரை அணைத்துவிட்டால் பேட்டரி நன்றாகத் தாங்குகிறது.

இரண்டாம் வாரம் ஒரு நாள் பாத்ரூமுக்கு எழும்பாமலே விடிந்தது. தலைவலி போய்விட்டது. பல் கடிப்பது குறைந்திருக்கிறது, முழுசாகப் போகவில்லை, அதற்குக் கீழ்ப் பல்லுக்கு வேறு கார்டு போட்டிருக்கிறேன். மெஷின் கணக்கில் இப்போது மணிக்கு 3.

அடுத்த மாசம் குளச்சலில் அக்கா மகளுக்குக் கல்யாணம். கல்யாண வீட்டில் ஹாலில் பாய் விரித்துப் பத்துப் பொம்பிளைகள் வரிசையாகப் படுப்போம். முன்னே குறட்டைக்குப் பயந்து விடிய விடிய முழித்துக் கிடந்திருக்கிறேன். இந்தத் தடவை பிளக் பாயிண்ட் எந்தச் சுவரில் இருக்கிறது என்று அக்காவிடம் இப்போதே கேட்டு வைத்துவிட்டேன்.